மாப்பிள்ளை மாட்டிவிட்ட சக்கரம்

அந்த வீட்டில் சமாதானம் வந்து முழுசாக ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மாடி வீட்டை யார் பெயருக்கு எழுதுவது என்ற பேச்சில் அண்ணனும் தங்கையும் முகம் திருப்பிக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதே கவலையில் அவர்களின் அப்பா, அந்த வீட்டு மருமகளுக்கு மாமனார், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவரைப் பார்க்க அரக்கப்பரக்க ஓடிய அன்று, மழைத் தண்ணீருக்குள் ஒளிந்திருந்த பள்ளத்தில் இறங்கி வீட்டுக் காரின் முன் சக்கரமும் பிளந்துபோனது.

அப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வந்தார். வீட்டின் ஒரே மகளைக் கட்டியவர். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குள் விறுவிறுவென்று நுழைந்து, "சாவியைக் குடுங்க மச்சான்" என்றார். மாலையில் கார் திரும்பியபோது அடையாளமே தெரியவில்லை. நான்கு பக்கமும் அகலமான அலாய் வீல், கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. பழைய கார் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது.

"விஷயம் என்னன்னா மச்சான்," என்று சாவியை விரலில் சுழற்றினார். எதைச் சொல்வதானாலும் அவருக்கு அப்படித்தான் ஆரம்பிக்க வரும். "மாமா இந்தக் கார்லதான் வீட்டுக்கு வரப்போறார். சும்மா ஜம்முனு வரட்டும். பழசையெல்லாம் எடைக்குப் போட்டாச்சு. இது என் அன்பளிப்பு."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை புருஷனைப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை. நான்கு சக்கரம் ஒரு குடும்பத்தையே சேர்த்து வைத்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்தக் காரை ஓட்டுகிறவளைத் தவிர.

அவள் அந்த வீட்டு மருமகள். வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பவள். நாத்தனார் வாய்க்கு வாய் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் தெருவுக்கே அண்ணி ஆகிவிட்டாள். ஒரு முழங்காலைப் பிடித்தாலே உள்ளே எது எதோடு உரசுகிறது என்று சொல்லிவிடுகிற கை அவளுக்கு. ஞாயிறு முதல் அந்தக் கைக்கு ஸ்டியரிங் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

இன்று காலை அது சத்தம் போட்டே சொன்னது.

ஒரு பேஷண்ட் வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது பைபாஸில் வேகம் கொஞ்சம் கூடியதும் ஸ்டியரிங் குளிர்ஜுரம் வந்தது போல நடுங்கியது. தெருவுக்குள் ஒடித்துத் திருப்பினாள். முன்பக்கம் சரக்கென்று ஓர் உரசல். இறங்கிக் குனிந்து பார்த்தாள். சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு சீவப்பட்டிருந்தது. டயரின் தோளில் விரலை ஓட்டினாள். ஒரு கோடு. நகம் உள்ளே போகிற ஆழம்.

காரில் அவள் ஒருத்தி மட்டும் இருக்கும்போதே இந்தக் கதி. இன்று மாமனாரை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். ஐந்து பேர் ஏறி, அதே பைபாஸில் வரவேண்டும்.

கணவன் கிளம்பிக்கொண்டிருந்தான். சொன்னாள். அவன் சட்டைப் பொத்தானைப் போடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"இப்பதான் என் தங்கச்சி என்கிட்ட சிரிச்சுப் பேசறா. அதுக்குள்ள அவ புருஷன் குடுத்தது சரியில்லன்னு நான் போய்ச் சொல்லணுமா?"

"சரியில்லன்னு சொல்லல. நம்ம காருக்கு சேரலன்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"மாமாவுக்கு இடுப்புல புது மூட்டு வெச்சிருக்காங்க. ஒரு குலுக்கல் ஆகாது. டயர் வெடிச்சுதுன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"வெடிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வெடிக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் பொத்தானை வெடுக்கென்று மாட்டினான். குரலில் கோபம் இருந்தது. "நான் டாக்சியில போய் பில் வேலையைப் பாக்கறேன். நீ எந்தக் கடையில வேணா காட்டு. ஆனா ஒண்ணு. அந்த வீலைக் கழட்டிட்டு வந்து அவர் மூஞ்சியில அடிச்ச மாதிரி மட்டும் பண்ணாதே."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

*

கடை ரயில் பாலத்துக்குக் கீழே இருந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு டயர்கள். உள்ளே சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் ரிம்கள். கல்லாவில் இருந்த கடைக்காரம்மா, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, காரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். எழுந்து வந்து ஒரு சுற்று சுற்றினாள். ஏதோ யோசனையில் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு டிக்கியைத் திறக்கச் சொல்லி, ஸ்டெப்னியை எடுத்து முன் சக்கரத்தின் பக்கத்தில் நிறுத்தினாள்.

"பாத்தீங்களா?"

அருகருகே வைத்ததும் கண்ணுக்கே தெரிந்தது. அப்பா செருப்பைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி கார் நின்றது.

"ஸ்டெப்னிதான் உங்க காரோட நிஜ அளவு. இது அதைவிட உசரம், அகலம். மீட்டர் அறுபது காட்டினா நீங்க அதுக்கு மேல போயிட்டிருக்கீங்கன்னு அர்த்தம்."

"அப்படின்னா எப்படிப் பொருந்துச்சு?"

"நாலு ஓட்டை நாலு போல்ட்டுல உக்காந்துடுச்சு. அவ்வளவுதான் பொருத்தம்."

ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைக் கழற்றினார்கள். கடைக்காரம்மா நடு ஓட்டையைக் காட்டினாள். காரின் அச்சில் இருக்கும் வட்டத்தைவிட அது பெரிது. இடைவெளியில் சுண்டு விரல் நுனி போனது.

"இந்த வட்டம் கச்சிதமா உக்காந்தாதான் வீல் நடுவுல நிக்கும். இங்க போல்ட்டே தாங்கிட்டிருக்கு. அதான் நடுக்கம். இதுக்கு வளையம் கிடைக்கும், போட்டுடலாம். ஆனா வீல் வெளியே துருத்திட்டு நிக்குது பாருங்க, அதுக்கு வைத்தியம் கிடையாது. ஆள் ஏறினா பாடி இறங்கும், டயரைச் சீவும்." ஸ்பேனரை அடுத்த சக்கரத்தில் வைத்து ஒரு நட்டைத் திருகினாள். சிரமமே இல்லாமல் சுழன்றது. இன்னொன்றும் அப்படியே. "அம்மா தாயே! இதுலயா வந்தீங்க?"

அண்ணிக்குக் காலையில் பைபாஸில் பக்கத்தில் உரசினாற்போல் போன லாரி ஞாபகம் வந்தது.

கணவனுக்கு போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள். துண்டித்துவிட்டான்.

சரி. முடிவு அவளுடையது.

"கழட்டிடுங்க. என் காருக்கு சேர்ற மாதிரி என்ன இருக்கு? ரொம்ப விலை வேண்டாம்."

கடைக்காரம்மாவின் முகம் மலர்ந்தது. சுவரில் இருந்து ஓர் அலாய் ரிம்மை இறக்கினாள். "செகண்ட் ஹேண்ட். உங்க அளவேதான். புதுசு மாதிரி இருக்கு, விலையும் பாதி."

அண்ணி அதை மடியில் வாங்கி, பின்பக்க விளிம்பில் கட்டைவிரலால் ஒரு முழுச்சுற்று வந்தாள். ஓரிடத்தில் நின்றாள். பெயிண்டுக்கு அடியில் மெல்லிசாக ஒரு மேடு.

"இது உடைஞ்சு ஒட்டின எலும்பு மாதிரி இருக்கே."

கடைக்காரம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். "சின்ன வெல்டிங்தான்..."

"எனக்கு வேண்டாம். சாதா இரும்பு ரிம் இருக்கா? கறுப்பு?"

"இருக்கு. ஆனா பாக்க நல்லா இருக்காதே."

"நான் உள்ளதானே உக்காரப்போறேன்."

இரும்பு ரிம்மை அச்சில் வைத்துப் பார்த்தார்கள். நடு வட்டம் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அடுத்தது டயர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவும் காற்றழுத்தமும் எழுதியிருந்தன. அதை போனில் படம் எடுத்து, கடைக்காரம்மா நீட்டிய டயரோடு ஒவ்வொரு எண்ணாக ஒத்துப்பார்த்தாள். அளவு சரி. எடை தாங்கும் எண்ணும் சரி. ஆனால் எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று சொல்லும் எண் பழைய வருஷத்தைக் காட்டியது.

"இது வயசான டயர் ஆச்சே?"

"ஒரு நாள் ஓடலம்மா. நிழல்லயே இருந்தது."

"நிழல்லயே இருந்தா வயசாகாதா? என்கிட்ட வர்ற பேஷண்டெல்லாம் நிழல்லயே இருந்தவங்கதான்."

கடைக்காரம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இந்த ஆளிடம் பருப்பு வேகாது என்று புரிந்தது போல உள்ளே போய், பெரிய பெயர் இல்லாத ஒரு கம்பெனியின் புது டயர்களை உருட்டிக்கொண்டு வந்தாள். இந்த வருஷத்தது. விலையும் அண்ணியின் கைக்கு எட்டுவதாக இருந்தது. இரும்பு ரிம்முக்குத் தகுந்த நட்டுகளையும் தனியாக எடுத்து வைத்தாள்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது, கழற்றிய பளபளப்பு வீல்களை ஓரமாக அடுக்கச் சொன்ன கடைக்காரம்மா சட்டென்று நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"அதானே பாத்தேன்! இந்த செட்டை எனக்குத் தெரியும். போன வாரம் ஒருத்தர் இங்க விக்கக் கொண்டுவந்தார். காரை வித்துட்டாராம். வாங்கினவர் கம்பெனி வீலோட குடுத்தா போதும்னுட்டாராம், இது மிச்சமாம். நான் சொன்ன விலை பிடிக்கல, தூக்கிட்டுப் போயிட்டார். கடைசியில உங்க தலையில கட்டிட்டாரா?"

"யாரு? எப்படி இருந்தார்?"

"நல்ல உயரம். கையில சாவியைச் சுத்திக்கிட்டே இருந்தார். வாயைத் திறந்தா 'விஷயம் என்னன்னா', 'விஷயம் என்னன்னா'. கடைசி வரைக்கும் விஷயத்துக்கு மட்டும் வரல."

அண்ணி அருகில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அன்பளிப்பு இல்லை. அது அவருடைய சொந்தக் காரின் வீல். அந்தக் கார் இப்போது இல்லை.

போன் அடித்தது. கணவனாக இருக்கும் என்று எடுத்தாள். நாத்தனார்.

"அண்ணி, எங்க இருக்கீங்க? நாங்க டாக்சி பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். எங்க கார் இன்னும் சர்வீஸ்லயே கிடக்கு. ஒரு சாதாரண சர்வீஸுக்கு இத்தனை நாளா? சீக்கிரம் வாங்க, அப்பா பறக்கறார்."

*

மாமனார் சக்கர நாற்காலியில், ஆஸ்பத்திரி வாசல் நிழலில், யுத்தத்தில் ஜெயித்து வந்தவர் போல் உட்கார்ந்திருந்தார். பின்னால் மகனும் மகளும். தூண் ஓரத்தில் மாப்பிள்ளை.

கார் வந்து நின்றது. எல்லோர் பார்வையும் ஒரே இடத்துக்குப் போனது. கறுப்பு இரும்புச் சக்கரம்.

கணவன் கண்ணை மூடித் திறந்தான். நாத்தனார்தான் முதலில் பேசினாள்.

"அண்ணி, அந்த வீல் எங்க?"

"கடையில இருக்கு. நம்ம காருக்கு அது பெருசும்மா. டயர் உரசி அறுபட்டிருக்கு. நட்டு ரெண்டு கழண்டு இருந்தது. மாமாவை அதுல ஏத்த எனக்கு தைரியம் இல்ல."

"அவர் ஆசையா வாங்கிக் குடுத்தது. ஒரு வார்த்தை எங்களைக் கேக்கணும்னு தோணலையா?" நாத்தனாரின் குரல் உயர்ந்தது. வாசலில் நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பவுமே எங்க வீட்டுக்காரர்னா இளக்காரம்தான்."

"இதுல இளக்காரம் எங்க வந்தது?"

"அளவு தப்புன்னா வாங்கின கடையில மாத்திக் குடுக்கட்டும். சும்மாவா குடுத்தான்?" புருஷன் பக்கம் திரும்பினாள். "எந்தக் கடைங்க அது? பில்லு இருக்குல்ல?"

மாப்பிள்ளையின் கையில் சாவி இல்லை. விரல் மட்டும் காற்றில் ஒருமுறை சுழன்று நின்றது. "பில்லு... வீட்டுல எங்கயோ இருக்கும்."

"கடை பேரைச் சொல்லுங்க. நானே போய்க் கேக்கறேன்."

"அது... தெரிஞ்சவன் ஒருத்தன் மூலமா..."

அண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. அவர் மனைவியைப் பார்க்கவில்லை, அண்ணியைத்தான் பார்த்தார். இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

ஒரே ஒரு வாக்கியம் போதும். இளக்காரம் என்று எல்லோர் எதிரிலும் சொன்னாளே, அவள் வாயை அடைக்க ஒரே வாக்கியம். அது அண்ணியின் நாக்கு நுனி வரை வந்தது.

விழுங்கினாள்.

"தப்பு என்னுதுதான். கேட்டிருக்கணும். என்னைத் திட்டணும்னா வீட்டுக்குப் போய்த் திட்டிக்கோ. மாமா எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருப்பார்?"

"அப்பாடா, என் ஞாபகம் வந்துதே!" என்றார் மாமனார். "நான் என்ன பார்சலா? கையெழுத்து போட்டுட்டாங்க, என்னை ஏத்துங்கப்பா!"

முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, சாய்த்து, மெத்தை போட்டு, அவர் இடுப்பு மடங்காதபடி அண்ணியே பிடித்து உட்கார வைத்தாள். வாக்கரை டிக்கியில் வைக்கப் போனபோது, உதவுகிற சாக்கில் மாப்பிள்ளை பக்கத்தில் வந்தார்.

"பாலத்துக்குக் கீழ இருக்கற கடைக்கா போன தங்கச்சி?"

"ஆமாண்ணே."

அவர் வாக்கரின் கைப்பிடியை விடவில்லை. "அவளுக்குத் தெரியாது. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு. நானே சொல்லிடறேன்."

எப்போதும் ஆரம்பிக்கிற மாதிரி அவர் ஆரம்பிக்கவில்லை. அதுதான் அண்ணியைப் பயமுறுத்தியது. தலையை ஆட்டினாள்.

*

பைபாஸில் கார் தண்ணீரில் போவது போலப் போனது. ஸ்டியரிங் அவள் கைக்குள் அடங்கியிருந்தது. பின் இருக்கையில் மூன்று பேர், மூன்று ஜன்னலைத் தேடுகிறவர்கள் மாதிரி.

முன்னால் போன டெம்போ சிக்னல் போடாமல் சடாரென்று நின்றது.

அண்ணி பிரேக்கை மிதித்தாள். ஒரு கையால் மாமனாரின் நெஞ்சைத் தாங்கிக்கொண்டாள். டயர்கள் சாலையைக் கவ்விப் பிடித்தன. டெம்போவின் பின்கதவில் எழுதியிருந்த போன் நம்பரைப் படிக்கிற தூரத்தில் கார் அசையாமல் நின்றது.

"மாமா?"

"இருக்கேன், இருக்கேன்," என்றார் அவர், பிடித்திருந்த மூச்சை விட்டு.

பின்னால் இருந்து கணவன் கையை நீட்டி அவள் தோளில் வைத்தான். காலையில் இருந்த கோபம் அந்தக் கையில் இல்லை.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். மாப்பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது. காலையில் இருந்த சக்கரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாத்தனார் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் மறுபடி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் நாத்தனார் முன்னால் சாய்ந்தாள்.

"அண்ணி, அடுத்த திருப்பத்துலதான் எங்க காரை விட்டிருக்கற சர்வீஸ் இருக்கு. ஒரு நிமிஷம் நிறுத்துங்க. கார் ரெடியான்னு கேட்டுடறேன்."

கண்ணாடிக்குள் மாப்பிள்ளையின் கண்கள் அண்ணியின் கண்களைப் பிடித்துக்கொண்டன. கெஞ்சின.

"ரெண்டு நிமிஷம்தான் அண்ணி. நானே இறங்கிக் கேக்கறேன்."

நீல போர்டு வந்தது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வரிசையாகக் கார்கள். வேகத்தைக் குறைக்கவா வேண்டாமா என்று அண்ணியின் கால் ஒரு கணம் தடுமாறியது.

"மாமாவுக்கு இவ்வளவு நேரம் உக்காரக் கூடாதும்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

போர்டு பின்னால் போய்விட்டது. மாப்பிள்ளை இருக்கையில் சாய்ந்தார். நாத்தனாரும் சாய்ந்தாள். ஆனால் அவள் சண்டை போடவில்லை. அது அண்ணிக்கு உறுத்தியது.

*

மாமனாரைக் கட்டிலில் படுக்க வைத்து, கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, அண்ணி மாத்திரைப் பையை எடுக்க மறுபடி காருக்கு வந்தாள். கார் கதவு திறந்திருந்தது. பின் இருக்கையில் நாத்தனார் தனியாக உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள்.

"இன்னும் என் மேல கோவமா?" என்றபடி அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எங்க கார் அங்க இல்ல அண்ணி."

அண்ணி கார்க் கதவை மெல்ல இழுத்துச் சாத்தினாள்.

"முந்தாநாளே நான் போய்க் கேட்டுட்டேன். அந்த நம்பர்ல கார் வரவே இல்லன்னுட்டாங்க. அவரைக் கேக்க பயம். கேட்டா என்ன பதில் வருமோன்னு பயம். இன்னிக்கு நீங்க அங்க நிறுத்தியிருந்தா, எல்லாரும் இருக்கும்போது, தானா வெளிய வந்திருக்கும். அண்ணன் இருக்காரு, நீங்க இருக்கீங்க. அதுக்காகத்தான் கேட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க நிறுத்தல."

காப்பாற்றினோம் என்று நினைத்த இடத்தில் கைவிட்டிருக்கிறோம்.

"அவர் கண்ணாடியில உங்களைப் பாத்தார். நீங்களும் அவரைப் பாத்தீங்க. நானும் பாத்தேன் அண்ணி." நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கார் போயிடுச்சுன்னு புரிஞ்சுடுச்சு. எதுக்காகப் போச்சுன்னுதான் தெரியல. உங்ககிட்ட என்ன சொன்னார்?"

ஒரு நாள் பொறு என்று மட்டும்தான் அவர் கேட்டிருந்தார். தானும் தலையை ஆட்டியிருந்தாள். ஆனால் தலையாட்டியது, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பி.

பிடித்த கையை விடாமலே அண்ணி காரை விட்டு இறங்கினாள். நாத்தனாரையும் இறக்கினாள். மாடி பால்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ தணிந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, போனை வெச்சுட்டு கீழ வாங்க. உங்க பொண்டாட்டிக்கு ஏற்கனவே தெரியும்."

அவர் திரும்பினார். போன் இன்னும் கையில்தான் இருந்தது, திரும்பிய பதற்றத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது. மறுமுனையில் யாரோ கத்துவது கீழே நின்ற இரண்டு பேருக்குமே கேட்டது. அது ஒரு பெண்ணின் குரல்.